பிரசிடெண்டு வீட்டுக் காய்கறி வெட்டு

அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவிமாரைப் பற்றி உங்களுக்கு இப்போது என்ன தெரிய வேண்டிக் கிடக்கிறது? அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள், முதலில் அதைப் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டு மருமகள் என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று நான் எட்டிப் பார்த்தால் பொல்லாத குணம் என்பீர்கள். கடல் தாண்டி ஒருத்தி என்ன உடுத்தினாள், எந்தத் தட்டில் விருந்து வைத்தாள் என்று நீங்கள் கேட்டால் மட்டும் அது பொது அறிவு. அதையும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் வந்து கேட்கிறீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நானும் ஒரு பிரசிடெண்டின் பெண்டாட்டியாக இருந்தவள்தான்.

என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவராக இருந்தார். நாகர்கோவிலுக்குக் கிழக்கே, வயலும் குளமுமாகக் கிடக்கிற ஊர். விடிந்ததும் அவர் வயலுக்குப் போய்விடுவார். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, முதியோர் பணம் என்று வருகிறவர்கள் அடுக்களை வாசலுக்கு வந்து என்னிடம் சொல்வார்கள். அவர் குளித்துவிட்டுத் தோசைக்கு உட்காரும்போது நான் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். நான் முதலில் சொன்ன வீட்டுக்கு முதலில் குழாய் வந்தது, கடைசியில் சொன்ன வீட்டுக்குக் கடைசியில் வந்தது. இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சாலை திறப்பு என்றால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், அதிகாரி பெயர் இருக்கும். என் பெயர் இருக்காது. கல்லை நட்டவர்களுக்குக் காப்பி போட்டது நான். கல்லில் என் பெயர் இருந்திருந்தால் அதன்மேல் மாடு வந்து முதுகை உரசியிருக்கும், அதுவும் உண்மை.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். காலையில் என்னைப் 'பிரசிடெண்டம்மா' என்று கூப்பிட்ட பால்காரி சாயங்காலம் 'அக்கா' என்றாள். அக்கா என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அதில் பாதி உண்மை.

அவர் காலமான பிறகு மகள் என்னை அமெரிக்காவுக்கு அழைத்தாள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணமாகி அங்கே போன பிறகு, அந்த ஊர்ப் பரீட்சை எழுதித் தேறினால்தான் வேலை என்று வீட்டில் இருந்தாள். படித்தாள், தேதி வாங்கினாள், தள்ளி வைத்தாள். மறுபடியும் தேதி வாங்கினாள், மறுபடியும் தள்ளி வைத்தாள். காரணம் கேட்டால், அந்த வருஷம் மருமகன் அங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். முதல் தடவை பொங்கல் விழா. இரண்டாவது தடவை யாரோ பேச்சாளர் வந்து வீட்டில் தங்கினார். வந்தவருக்கு மூன்று வேளையும் சோறு, வழியனுப்புகிறவர்களுக்குக் காப்பி. சங்கத்துப் பெண்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பிரசிடெண்ட் மிஸஸ்' என்றார்கள். கேட்டதும் எனக்கு எங்கள் ஊர்ப் பால்காரியின் குரல் ஞாபகம் வந்தது.

நான் போன சமயம் சித்திரை விழா வந்துகொண்டிருந்தது. மருமகனும் எங்கள் பக்கம்தான், அஞ்சுகிராமத்துக்காரர். எல்லாருக்கும் வாழையிலையில் நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு, சமையல் எங்கள் வீட்டில் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். விழா சனிக்கிழமை மத்தியானம். மகளுக்குப் பரீட்சை அதே சனிக்கிழமை காலை.

அந்த வாரத்தில்தான் அவள் என்னை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜனாதிபதி மனைவிமார் உடுத்திய உடுப்புகளை அங்கே கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துணி மங்கிவிடும் என்று விளக்கையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். பொம்மைகளுக்கு உடுப்பு இருந்தது, இடுப்பு இருந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"ஏட்டி, இவளுவளுக்குத் தலை எங்க?"

"உடுப்பக் காட்டத்தானம்மா வச்சிருக்கு. தலை எதுக்கு?"

"அதுவுஞ் சரிதான். தலை இருந்தா நம்மள மொறைச்சுல்லா பாப்பாளுவ."

பக்கத்திலேயே தட்டுகள். ஒவ்வொருத்தியும் புதிதாக வரும்போது விருந்துக்குத் தட்டு எடுப்பார்களாம். ஓரத்தில் தங்கம், நடுவில் பூ, பறவை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் பலகையில் உள்ளதையும் தனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வெள்ளை மாளிகைக்கு முதன்முதலாகக் குடிவந்தவள், வீடு முழுசாகக் கட்டி முடியாததால் பெரிய கூடத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டாளாம். அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. இன்னொருத்தியின் வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்துவிட்டார். எந்தக் காகிதம் அவரிடம் போகலாம், எது போகக் கூடாது என்று இவளே பார்த்து அனுப்பினாளாம். பிற்காலத்தில் அதை ஒரு குற்றம்போலவே பேசினார்களாம்.

"சீக்குல கெடந்தாத்தான் அதச் செய்யணுமா? அப்பா நல்லா நடமாடும்போதே நான் செய்தேன்லா."

"மெல்லப் பேசும்மா."

"இங்க யாருக்குட்டி நம்ம பேச்சு மனசிலாகும்? இந்த அம்மாமாருக்கெல்லாம் சம்பளம் எவ்வளவு?"

"சம்பளம் கெடையாதும்மா."

"வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு உண்டு."

"அப்ப நம்ம ஊருதான். நட."

ஒருத்தி தினமும் பத்திரிகைக்கு எழுதினாளாம். ஒருத்தி அந்த மாளிகைத் தோட்டத்தில் காய்கறி போட்டாளாம். இத்தனையும் செய்தவர்களுடைய நினைவாகச் சனங்கள் வரிசையில் நின்று பார்ப்பது உடுப்பையும் தட்டையும்தான். குறை சொல்லவில்லை. எழுதிய கையையும், யோசித்த தலையையும் எப்படிக் கண்ணாடிக்குள் வைக்க முடியும்? துணி இருந்தால் துணியைத்தான் வைக்க முடியும். நான் போன பிறகு என் வீட்டில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பாத்திரம் இருக்கும். அதையும் என் மகனின் பெண்டாட்டி பழையதுக்குப் போட்டுவிட்டு ஸ்டீல் வாங்குவாள்.

மகள் ஓர் உடுப்பின் முன்னால் நின்றாள். "இப்பம் சமீபத்துல ஒரு அம்மா இருந்தாங்க. வீட்டுக்காரர் ஜனாதிபதியான பொறவும் காலேஜுக்குப் பாடம் எடுக்கப் போனாங்க. வீட்ல வச்சுப் பேப்பர் திருத்துவாங்களாம்."

"கொள்ளாமே. கெட்டிக்காரி."

 திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உள்ளே இருந்த வெள்ளைப் பட்டு உடுப்பின் கழுத்துக்கு மேல், அளவெடுத்துச் செய்ததுபோல, என் மகளின் தலை உட்கார்ந்திருந்தது. அவள் கையைப் பிடித்து அந்தக் கண்ணாடியை விட்டுத் தள்ளி நிறுத்தினேன். 

அந்நேரம் அவள் போன் அடித்தது. மருமகன். பாயசம் இரண்டா மூன்றா என்று கேட்டார். "மூணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"அம்மா, சனிக்கிழமை நான் பரீச்சைக்குப் போகல்ல. பைய எழுதிக்கிடலாம்."

"அவரு சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல்ல. 'நீ எப்பிடிச் சமாளிப்பே'ன்னு மட்டும் கேட்டாரு."

அது சொன்னதைவிட மோசம். போகாதே என்று சொன்னால் சண்டையாவது போடலாம். நான் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசும் இல்லை, எனக்குச் சொல்லுகிற பழக்கமும் இல்லை.

மறுநாள் காலை மருமகன் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்கறி வெட்டுக்கு எத்தனை பேரு வருகாங்க?"

"காய்கறி வெட்டா அத்தை?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்டிய? நம்ம பக்கம் கல்யாணத்துக்கு மொத நாளு ஊரு ஆம்பிளையளு எல்லாம் வந்து கூடியிருந்து வெட்டுவாங்கல்லா. காய் வெட்ட ஆளு வரல்லன்னா அந்த வீட்டுக்காரனுக்கு ஊர்ல மதிப்பில்லன்னுல்லா அர்த்தம். ஒங்க மாமா இருந்தப்போ வெட்டுக்கு ஆளு கூடிக் கத்தி பத்தாமப் போச்சு."

அவர் முகம் மாறியது. சின்ன வயதில் சித்தப்பா கல்யாணத்தில் விடலைகளோடு உட்கார்ந்து வெள்ளரிக்காய் வெட்டியதையும், வெட்டியதில் பாதியைத் தின்றதையும் சொன்னார். "அத இங்க செய்யலாமே அத்தை! பிள்ளையளுக்கும் நம்ம பண்பாடு தெரியும்லா." அரைமணி நேரத்தில் சங்கத்து வாட்ஸாப்பில் செய்தி போய்விட்டது. வெள்ளி மாலை காய்கறி வெட்டு, ஆண்கள் அவரவர் கத்தியோடு வரவும்.

வந்தார்கள். கார் கதவைத் திறந்து ஒவ்வொருவராகக் கத்தியோடு இறங்குவதை எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூடத்தில் போர்வை விரித்து, அதன்மேல் பேப்பர் விரித்து, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள், ஒரு பல் டாக்டர், ஒரு பேராசிரியர். அவியலுக்கு விரல் நீளம் என்றேன். யார் விரல் என்று பேராசிரியர் கேட்டார். சேனை வெட்டினவர்கள் கை அரிக்கிறது என்று குதித்தார்கள். திருச்சிக்காரர் ஒருவர் முருங்கைக்காயைக் கேரட்போலத் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்ல அடுக்களை எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது" என்றாள் அவர் மனைவி. பெண்கள் எல்லாரும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் எழுந்து தேங்காய் எடுக்கப் போனாள். நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

எல்லாருக்கும் காப்பி வந்தது. பேச்சு கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னேன்.

"மக்கா, நீங்கல்லாம் நல்லா இருக்கணும். எனக்க மகளுக்கு நாளைக்குக் காலைல நர்ஸு பரீச்சை. நீங்க வந்து கை குடுத்ததாலதான் அவ போவப்போறா. இது எல்லாம் மாப்பிள்ளைக்க யோசனை. பெண்டாட்டி பரீச்சை எழுதணும்னு காய்கறி வெட்டு வச்ச ஆம்பிளைய நான் இப்பந்தான் பாக்கேன்."

மருமகன் கையில் சேனைத் துண்டோடு என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன். முதலில் கை தட்டியது பல் டாக்டர்தான். பிறகு பெண்கள் பக்கம் தட்டினார்கள், தட்டிக்கொண்டே தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்தார்கள். "சூப்பர் சார்" என்றார் திருச்சிக்காரர். "அப்ப நாளைக்குச் சமையல்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நாமதான் சார்" என்றார் மருமகன். அது வாயில் வந்துவிட்ட பிறகு அவரால் திரும்ப எடுக்க முடியவில்லை. சுவரோரம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது மருமகன் வாசலில் நின்று, மஞ்சள் பட்ட கையோடு, "பென்சில் எடுத்தியா?" என்று கேட்டார். பரீட்சை கம்ப்யூட்டரில் என்பது அவருக்குத் தெரியும். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம் குறைந்தது.

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுக்களையில் நின்ற ஆண்களிடம், தேங்காயை இன்னும் அரை, உப்பை நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மண்டபத்தில் ஓர் அம்மாள் ஓடி வந்தாள். "பிரசிடெண்ட் மிஸஸ் இல்லையே, விளக்கு யார் ஏத்துறது?" மேடையில் போய்ப் பார்த்தேன். மண்டபத்தில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாதாம். குத்துவிளக்கு பொத்தானை அமுக்கினால் எரிகிற விளக்கு. இந்தப் பொத்தானை அமுக்கவா என் மகள் நின்றிருக்க வேண்டும்? மருமகனே போய் அமுக்கினார். எரிந்தது.

கடைசிப் பந்தியில், பாயசம் விளம்பும்போது மகள் வந்து சேர்ந்தாள். எப்படி எழுதினாய் என்று ஒருவரும் கேட்கத் துணியவில்லை.  இலையில் உட்கார்ந்து அவியலை எடுத்து வாயில் வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சு."

"எனக்கும் தெரிஞ்சது" என்றார் மருமகன். அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

நான் ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவள் தேறியதாகப் போன் வந்தது. கொஞ்ச நாளில் வேலையும் கிடைத்தது. ராத்திரி வேலை. போனில் பின்னால் மருமகன் குரல் கேட்டது, பெரிய வருத்தமும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் ஆம்பிளைகள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு அது தெரியும்.

அதனால் சாயங்காலம் குழாயடிக்குக் குடத்தோடு போனேன். வீட்டிலேயே குழாய் இருக்கிறது, இருந்தாலும் போனேன். அங்கே நிற்கிற ஒருத்திக்கு அஞ்சுகிராமத்தில் சம்பந்தம், மருமகனின் அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு. இருட்டுமுன்னே சேதி அங்கே போய்விடும், அங்கிருந்து போனில் மருமகன் காதுக்கும் போய்விடும்.

"அமெரிக்காவுல பிரசிடெண்டுக்க பெண்டாட்டியப் பாத்தியளாக்கா?" என்று கேட்டாள் அவள்.

"உடுப்பத்தான் பாத்தேன். ஆனா எனக்க மருமவன மாதிரி ஒருத்தரு அங்க கெடையாது, கேட்டியா. மவ ராத்திரி வேலைக்குப் போவா. இவருதான் அவளுக்குச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புகாரு. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்க மாட்டேங்காரு."