குளத்தில் ஊறிய கழுத்து

எங்க வீட்டுக்கு ஒரு மரக்கட்டை வந்தா போதும், ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லுவாங்க. எனக்கு வேண்டியதெல்லாம் பேஸ் கிட்டாருக்கு ஒரு கழுத்து, அதான் விரல் ஓடுற அந்த நீளக் கட்டை. வீணைக்கு மெட்டு இருக்கிற மாதிரி கிட்டாருக்குக் கழுத்துக்குக் குறுக்கே ஃப்ரெட்டுன்னு கம்பி பதிச்சிருப்பாங்க. அது இல்லாத பேஸ்ல விரலை வழுக்கிவிட்டா சுரம் குழைஞ்சு வரும். எங்க ஆர்கெஸ்ட்ரா நடத்துறவருக்கு அந்தக் குழைவு மேல பைத்தியமே பிடிச்சுப்போச்சு. "கும்பகோணத்துல ஒருத்தன் வெச்சிருக்கான். மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்குள்ள நீயும் ஒண்ணு செஞ்சிடு. இல்லேன்னா அவனைத்தான் கூப்பிடணும், தப்பா நினைச்சுக்காதே"ன்னுட்டார். ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. ஆறு வருஷமா நான் நின்ன இடம் அது, விட்டுடுவேனா?

பழைய பேஸோட உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. கழுத்துதான் ஐப்பசி ஈரத்துல வில்லா வளைஞ்சு கெடந்தது. தெரு ஆசாரி தேக்குன்னார். அப்பா பூவரசுன்னார். "மாட்டு வண்டிக்கே தாங்குது, உன் நாலு கம்பிக்குத் தாங்காதா?" அட, மாட்டு வண்டிக்கு யாராவது சுதி சேர்ப்பாங்களா?

கடைசியில தஞ்சாவூர்ல வீணை செய்யறவர்கிட்ட போய் நின்னேன். பரண்ல எட்டு வருஷம் காஞ்ச பலாக்கட்டை ஒண்ணு எடுத்துக் கொடுத்தார். ரேகை நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடுச்சு. "இது இனிமே அசையாது"ன்னார். ஃப்ரெட் இல்லேன்னா கம்பி மரத்துமேலயே உரசும், அதனால மேல ஒட்டுற விரல் பலகை இரும்பு மாதிரி கெட்டியா இருக்கணும். அதுக்குத் தரங்கம்பாடியில பழைய கட்டில் பிரிச்ச இடத்துல கருங்காலிச் சட்டம் ஆம்புட்டுச்சு. ரெண்டையும் வீட்ல வெச்சுட்டு நாலு நாள் மாயவரம் பக்கம் கச்சேரிக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தா பலாக்கட்டையைக் காணோம்.

"குளத்துல கெடக்கு"ன்னார் அப்பா, என்னமோ எருமை கெடக்குன்னு சொல்ற மாதிரி. "ஊறாத கட்டையை அறுத்தா பூச்சி அரிக்காதா? கல்லைக் கட்டி சேத்துல அமுக்கியிருக்கேன். ஆறு மாசம் கெடக்கட்டும்."

"எட்டு வருஷம் காஞ்ச கட்டைப்பா! யாரு உன்னை ஊறப்போடச் சொன்னது?"

"காஞ்சா ஆச்சா? ஊறணும்ல?"

இவர்கிட்ட என்னத்தைப் பேசறது? எங்க ஊர்ல மரத்தை வெட்டினா குளத்துல போடாம உளி வைக்க மாட்டாங்க. அப்பா ஊறப்போடாத மரம் ஒண்ணே ஒண்ணுதான். குடியிருந்த மனைக்காக மிராசுதாருக்கும் எங்க தெருவுக்கும் தகராறு நடந்தப்போ, வாசல் தட்டியை அவரோட ஆளுங்க பிச்செறிஞ்சுட்டாங்கன்னு அவசரமா ஒரு கதவு செஞ்சார். அது ஒரே வருஷத்துல அரிச்சு மாவா உதிர்ந்துச்சு. அப்புறம் அரசாங்கம் மனைப்பட்டா கொடுத்ததும், கூரையைக்கூட மாத்தாம, பலாப்பலகையை ஊறவெச்சுக் காயவெச்சு முதல்ல கதவுதான் போட்டார். வீட்டுக்கு வர்றவங்களுக்குப் பட்டாவைக் காட்ட மாட்டார். கதவை முட்டியால தட்டிக் காட்டுவார்.

இதெல்லாம் தெரிஞ்சும் கத்தினேன். "என் பொழப்பே போச்சு! இனிமே என் இடத்துல கும்பகோணத்தான் நிப்பான். சந்தோஷமா உனக்கு?" குளத்துல இறங்கிக் கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணி குடிச்சு ரெண்டு மடங்கு கனம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மறுநாள் காலையில வாசல்ல தட்டுற சத்தம். போய்ப் பார்த்தா, அப்பா ஆசாரியைக் கூட்டிவந்து கதவைக் கீலோட கழட்டிச் சுவத்துல சாச்சு வெச்சிருக்கார்.

"இதுவும் பலாதான். ஊறினது. பதினஞ்சு வருஷம் காஞ்சது. அறுத்துக்கோ."

வேணாம்பான்னு சொல்லியிருக்கணும். நான் சொல்லல. ரெண்டு பலகையை அறுத்து, வளையாம இருக்க ஒண்ணோட ரேகைக்கு ஒண்ணு எதிரா வெச்சு ஒட்டி, மேல கருங்காலியைப் பதிச்சோம். திருவிழாவுல என் இடத்துல நான்தான் நின்னேன். கச்சேரி முடிஞ்சதும் அப்பா மேடையேறி வந்தார். பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பேஸோட கழுத்தை முட்டியால ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துட்டு இறங்கிப் போயிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்க வாசல்ல தொங்கினது சாக்குப் படுதா. குளத்துல போட்டதுக்கு அவர்கிட்ட ஆசைதீரக் கோவிச்சுக்கணும்னு எனக்கு இன்னிக்கும் இருக்கு. அதுக்குக்கூட வழி வைக்கல அந்த மனுஷன்.