ஆரு அடிச்ச?

கல்முனைச் சந்தையில் முகைதீன்பாவாவின் இறைச்சிக் கடைக்கு இரண்டு விஷயங்களில் பெயர் இருந்தது. ஒன்று, பழைய இறைச்சியைப் புதியது என்று அவன் விற்றதில்லை. மற்றது, அவனுடைய கை. எலும்பு கூடிவிட்டது என்று முணுமுணுத்த ஒருவரை இறைச்சிப் பையாலேயே முகத்தில் அறைந்தவன் அவன். பக்கத்துக் கடைக்காரனின் தராசைத் தூக்கி வாய்க்காலில் வீசியவனும் அவனே. அடித்துவிட்டுக் கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி, அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்குவான். அடி வாங்கியவர்கள் கூட மறுநாள் இறைச்சி வாங்க வந்தார்கள். நல்ல இறைச்சி அப்படி.

கல்யாணம் முடித்து மருதமுனையில் மனைவி ஸுல்பிகாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரியையே அடித்தான். ஸுல்பிகா தையல் நிலையத்தில் வேலைக்கு நீளக்கை அபாயா போட்டுக்கொண்டு போனாள், கையில் இருக்கும் அடிக்காயம் தெரியாமல் இருக்க. மகள் றிப்னாமீது மட்டும் அவன் ஒருநாளும் கை வைத்ததில்லை. அது தனக்கு ஒரு பெரிய தகுதி என்று அவன் நினைத்திருந்தான்.

றிப்னாவுக்கு நாலு வயதில் இடது முழங்கால் வீங்கியது. காலையில் எழுந்ததும் காலை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்து நொண்டுவாள். பத்து மணியானால் ஓடித் திரிவாள். வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. முகைதீன்பாவாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வீங்கினால் யாரோ அடித்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த வீக்கமெல்லாம் அப்படி வந்தவைதான்.

"ஆரு அடிச்ச? சொல்லு மகள், ஆரு அடிச்ச?"

"ஒருத்தரும் அடிக்கல்ல வாப்பா."

பிள்ளை பயத்தில் மறைக்கிறாள் என்று முடிவு கட்டினான். பாலர் பாடசாலைக்கு அவளை ஏற்றிப் போகிறவர் பாண்டிருப்பு இளையதம்பி. அவருடைய ஆட்டோ சந்தியில் நின்றது. கேள்வி ஒன்றும் கேட்காமல் அவரை வெளியே இழுத்து, மூக்குக் கண்ணாடியோடு சேர்த்து முகத்தில் குத்தினான். முன் பல் இரண்டு போயிற்று. ஒருபக்கம் தமிழ் ஆட்கள் கூட, மறுபக்கம் முஸ்லிம் ஆட்கள் கூட, ஊர் பற்றி எரிய அரை மணித்தியாலம்தான் இருந்தது. கோயில் ஆட்களும் பள்ளிவாசல் ஆட்களும் நடுவில் புகுந்து இரத்தத்தைத் துடைத்து அனுப்பினார்கள்.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூட்டுவாத டொக்டர் சிவரூபினி மாதத்தில் ஒரு நாள் வருகிறவர். காலை அமத்திப் பார்த்தார், இரத்த ரிப்போட்டைப் பார்த்தார்.

"இது சின்னப் பிள்ளையளுக்கு வாற மூட்டுவாதம். ஒருத்தரும் அடிக்கல்ல. கிருமி வந்தா அடிச்சுத் துரத்துறதுக்கு உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. அந்தக் காவல் ஆள் மாறி, சொந்த மூட்டையே அடிக்குது."

ஸுல்பிகா புருஷனைப் பார்க்காமல் சொன்னாள்: "விளங்குது டொக்டர். எங்கட வீட்டயும் அப்பிடி ஒண்டு இரிக்கி."

ஆஸ்பத்திரி என்பதால் அவன் கையை மடித்து வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் அந்த வார்த்தைக்குரியதை அவளுக்குக் கொடுத்தான்.

றிப்னாவை மயக்கி, முழங்காலில் ஊசி ஏற்றி நீர் எடுத்தார்கள். டொக்டர் குழாயை வெளியே கொண்டுவந்து அவனுக்குக் காட்டினார். இருபது வருடமாக மாட்டின் முழங்காலைப் பிரித்தவன் அவன். நல்ல மூட்டுக்குள் இருக்கும் நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாக, விரலில் தொட்டால் நூலாக இழுபடும். இது மஞ்சளாக, கலங்கலாக, தண்ணீர்போல ஓடியது. நோய் மாட்டின் மூட்டில் இப்படிப் பார்த்து, மாட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறான். முதன்முறையாக அந்த டொக்டரின் சொல்லை நம்பினான். மூட்டுக்குள் மருந்து போட்டார்கள். இரண்டு கிழமையில் வீக்கம் வற்றி, பிள்ளை ஓடினாள். இளையதம்பியிடம் போய் ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லவில்லை. சந்தியில் அந்த ஆட்டோவைக் கண்டால் மோட்டார் சைக்கிளை வேறு பாதையால் விட்டான்.

"கால் சுகமானாலும் கண்ண மூணு மாசத்துக்கு ஒருக்கா காட்டவேணும்," என்றார் டொக்டர். "இந்த வருத்தம் கண்ணுக்குள்ளயும் போகும். சிவக்காது, நோகாது, பிள்ளைக்கே தெரியாது. மெசினால பாத்தாத்தான் தெரியும்."

நோகாத கண்ணுக்கு வைத்தியமா? முழங்கால் நீரைக் காட்டியதுபோல இதற்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஸுல்பிகாவுக்கு லீவு கிடைக்காததால் அவனே கூட்டிப் போனான். முதல் தடவையே வெயிலில் மூன்று மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. பரிசோதித்து, கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்தபோது சிவரூபினி ஒரு தாளை நீட்டினார். மூட்டுவாதப் பிள்ளைகளின் கண்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி, விருப்பமானால் கையெழுத்து வைக்கலாம் என்றார்.

ஆராய்ச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு எல்லாம் பொருந்தி வந்துவிட்டது. நல்ல கண்ணை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கக் கேட்கிறார்கள்? இதற்குத்தான்.

"என்ட புள்ளையில படிச்சுப் பட்டம் எடுக்கப் பாக்கிறியா?" தாளைக் கிழித்தான். மேசையைக் கவிழ்த்தான். தடுக்க வந்த காவலாளியைச் சுவரோடு வைத்து நெரித்தான். நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். றிப்னா காதைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையின் கீழே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தப் படியை மிதிக்கவில்லை. கோபம் என்று அவன் சொல்லிக்கொள்வான், உண்மையில் வெட்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கடற்கரைக்குப் போவான். ஐஸ்பழம் வாங்கிக் கொடுப்பான். "உம்மாட்டச் சொல்லப்படாது" என்பான். வீட்டுக்கு வந்து, "கண் நல்லமாம்" என்பான். டொக்டர் போன் எடுத்தபோது வாய்க்கு வந்தபடி ஏசி, அந்த நம்பரையே தடுத்து வைத்தான். இப்படி ஏழு ஐஸ்பழம். றிப்னாவுக்கு ஆறு வயது முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அது வெளிப்பட்டது. சம்பலில் உப்புக் கூடிவிட்டது. முகைதீன்பாவா பிள்ளையின் இடப்பக்கம் இருந்தபடியே மனைவியை நோக்கிக் கையை வீசினான். ஸுல்பிகா குனிந்துகொண்டாள். கை, றிப்னாவின் இடது கன்னத்தை உரசுமளவுக்குப் போய்த் திரும்பியது. பிள்ளை அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" அவனுக்குப் பெருமை பொங்கியது. "இந்த வீட்ட எனக்குப் பயப்படாத ஒரே ஆள் என்ட மகள்தான்!"

ஸுல்பிகா நிமிர்ந்து மகளையே பார்த்தாள். தன் கையை மெல்ல எடுத்து, இடப்பக்கமிருந்து பிள்ளையின் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. பிறகு வலது கண்ணைப் பொத்தினாள்.

"ஏன் உம்மா இருட்டாக்கின?"

யன்னலால் வெயில் பாயெல்லாம் விழுந்து கிடந்தது.

"கடைசியா எப்ப மகள் கண் காட்டப் போன?"

"ஐஸ்பழம் திண்ட அண்டைக்கா?" என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸுல்பிகாவின் கைக்கு எட்டியது தேங்காய் துருவும் பலகை. இரும்பு நாக்கோடு தூக்கி எறிந்தாள். அவனுடைய புருவம் பிளந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அந்த வீட்டில் முதன்முறையாக அடி வாங்கியவன் அவன். இரத்தம் கண்ணை மறைக்க, அடிக்கவும் தெரியாமல் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"இது என்ட வீடு. புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வாகனத்தப் புடிச்சித் தந்திட்டு வெளிய போ!" நீங்க என்று கூப்பிட்டவள் நீ என்றாள். அதுதான் அவனுக்குப் புருவத்தைவிட வலித்தது.

கண் டொக்டர் மெசினில் பார்த்துவிட்டுச் சொன்னதைச் சிவரூபினி விளங்கப்படுத்தினார். இடது கண்ணுக்குள் சத்தமில்லாமல் நீண்டநாள் அழற்சி. கருவிழித் திரை, பின்னால் இருக்கும் கண்வில்லையோடு ஒட்டிவிட்டது. வில்லையிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. வலது கண் இன்னும் தப்பி நிற்கிறது. சொட்டு மருந்து, கிழமைக்கு ஓர் ஊசி. கண் அடங்கி, சில மாதம் அப்படியே அடங்கியிருந்தால்தான் வில்லையை எடுக்கலாம். எடுத்தாலும் தெரியுமா என்று வாக்குத் தர முடியாது.

கட்டுப்போட்ட புருவத்தோடு முகைதீன்பாவா கேட்டான்: "அந்தத் தாள் இரிக்கா டொக்டர்?"

அவர் புதிய தாளை எடுத்தார். கேள்விகளில் ஒன்று, கண் பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்பது. "இந்த ஆராய்ச்சியே இதுக்குத்தான்," என்றார். "நோகாததால எத்தினையோ பிள்ளையள் வராம நிண்டு கண்ண இழக்குதுகள். அத எப்பிடித் தடுக்கலாம் எண்டு பாக்கத்தான்."

"எழுதுங்க," என்றான். "தகப்பன் கூட்டி வரல்ல. பொய் சொன்ன." ஸுல்பிகா பக்கத்தில்தான் நின்றாள்.

அதன் பிறகு அவன் கடையின் பின்னறையில் படுத்தான். ஊசி போடும் நாளிலும் கிளினிக் நாளிலும் மட்டும் முற்றம்வரை வர அனுமதி. ஒரு வருடம் ஒரு நாளும் தவறவில்லை. சந்தையில் அவன் கை நீளாததைக் கண்டு, சுகமில்லையா என்று ஆட்கள் கேட்டார்கள். கண் அடங்கியது. வில்லையை எடுத்தார்கள். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால், றிப்னா சில நேரம் சரியாகச் சொன்னாள், சில நேரம் தோராயமாகச் சொன்னாள். அவள் கெட்டிக்காரி, எல்லாரையும் சந்தோஷப்படுத்தப் பார்ப்பவள். யாருக்கும் நிச்சயமில்லை. அவன் தொழுகையில் கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான்.

வில்லையை எடுத்த அறுபதாம் நாள், கிளினிக் நாள் காலை, அவன் சொட்டு மருந்தோடு வந்தான். றிப்னா முற்றத்தில் கதிரையில் இருந்து பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டைக் குறிவைத்து மதிலில் ஒரு காகம். அதைத் துரத்த, அவளுடைய இடப்பக்கம் நின்றபடியே அவன் கையை ஓங்கினான்.

தட்டு பறந்தது. றிப்னா கதிரையிலிருந்து சரிந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நிலத்தில் சுருண்டாள்.

"அடிக்காதீங்க வாப்பா!"

காகம் எப்போதோ போய்விட்டது. ஓங்கிய கையை இறக்கவும் தோன்றாமல் நின்றான். பிறகு முழந்தாளிட்டான்.

"மகள்... வாப்பாட கை தெரிஞ்சதா?"

கைகளுக்குள்ளிருந்து தலை ஆடியது. "ஓம்."

தட்டு விழுந்த சத்தத்தில் ஸுல்பிகா ஓடிவந்தாள். நிலத்தில் கிடக்கும் பிள்ளையையும், முன்னால் இருந்து வாய்விட்டு அழுகிற புருஷனையும் கண்டாள்.

"ஆரு அடிச்ச?"

"ஒருத்தரும் அடிக்கல்ல," என்றான் முகைதீன்பாவா. "அவளுக்குக் கண் தெரியுது."