ஒன்றரை நட்சத்திரம்

ஒரு ஆல்பத்தை மூன்று தடவை கேட்காமல் டெஸ்பினா கார்வெலாஸ் அதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். முதல் பாட்டில் உட்கார்ந்தால் கடைசிப் பாட்டு முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும். பாட்டுகளின் பெயரைக்கூட மூன்றாவது தடவைக்கு முன்னால் பார்க்க மாட்டாள். பெயர் தெரிந்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. அடுத்தவர் எழுதிய விமர்சனம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். மெல்போர்னில் ஒரு பத்திரிகையின் வெள்ளிக்கிழமை இணைப்பில் முப்பத்து மூன்று வருஷமாக இப்படித்தான் எழுதி வந்தாள்.

விமர்சகி என்றதும் பெரிய மகாராணி என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் பிரெஸ்டனில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, நோயாளிகளின் அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவாள். "பகல்ல பல்லு, சாயங்காலம் பாட்டு. ரெண்டுக்கும் வலிச்சாத்தான் ஜனங்க வருவாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் எழுதிய முதல் விமர்சனமே 'செகண்ட் ஜெட்டி' என்ற இசைக்குழுவைப் பற்றித்தான். ஃபிட்ஸ்ராயில் ஒரு பப். கேட்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் கால்பந்து ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேவன் டியர்னி பாடினான். நோலீன் ப்ரௌஸ் ஒரு இஸ்திரிப் பலகையின் மேல் இரண்டு சின்தசைசர்களை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் வாசித்தாள். நோலீனின் விரல்களுக்குத் தெரிந்தது கேவனின் வாய்க்கு இன்னும் தெரியவில்லை என்று டெஸ்பினா எழுதினாள். வெள்ளிக்கிழமை அது அச்சில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுப் போன் அடித்தது.

"நோலீன் பேசறேன். இஸ்திரிப் பலகை. ரெண்டாவது பாரா, மூணாவது வரி தப்பு. நீ கேட்டது டிரம் மெஷினே இல்ல. அது நான் சப்பாத்துக் காலால தரையை உதைச்சது."

அன்று ஆரம்பித்தது. பத்து ஆல்பம், பத்து சனிக்கிழமை. டெஸ்பினா புகழ்ந்தாலும் நோலீன் சண்டைக்கு வருவாள், திட்டினாலும் வருவாள். பாரா பாராவாகப் பிய்த்து எடுப்பாள். அவள் சொல்வது பாதிக்கு மேல் சரியாக இருக்கும், அதுதான் எரிச்சல். விமர்சகியும் பாட்டுக்காரியும் ஒரே மேஜையில் டீ குடித்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு பேருக்கும் வீம்பு. அதனால் வீட்டுப் பக்கம் போனதில்லை. டெஸ்பினாவின் விவாகரத்து, நோலீனின் அப்பா போனது, எல்லாம் அந்த ஒன்பது மணிப் போனிலேயே பேசித் தீர்ந்தது. பத்தாவது ஆல்பத்தின் போது, சண்டையெல்லாம் முடிந்த பிறகு, "கணையத்துல என்னமோ இருக்குங்கறாங்க, டெஸ்" என்று போகிற போக்கில் சொன்னாள். எட்டு மாதத்தில் போய்விட்டாள். உற்ற தோழி என்று டெஸ்பினாவுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அது தெரிந்தது சவ அடக்கத்தில், கடைசி வரிசையில் நின்றபோது.

இரண்டு வருஷம் கழித்துப் பதினோராவது ஆல்பம் வந்தது. கேவன் தனியாகச் செய்தது. நவம்பரில் சொந்த ஊர் மேடையில் அவன் பாடப் போவதாகவும் அறிவித்திருந்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து ஒன்பது பாட்டுகளையும் முன்கூட்டியே கணினி வழியாக அனுப்பினார்கள். டெஸ்பினா அவற்றைத் தன் பழைய பிளேயரில் ஏற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு ஒரு உறுமலில் ஆரம்பித்தது. சனிக்கிழமைப் போனில் நோலீன் குரலுக்குப் பின்னால் கேட்ட, அவள் ஆல்டோனா வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கிற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உறுமல். அதன் மேல் நான்கு ஸ்வரம், நோலீன் விட்டுப்போன மெட்டு. கேவன் அதைப் பாடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி முணுமுணுத்தான். டெஸ்பினா அழுதுவிட்டாள். அந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த பாட்டு திம் திம்மென்று ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தது. அதற்கடுத்ததும் ஆட்டம். எட்டுப் பாட்டும் ஆட்டம்.

அவளுக்குக் கோபம் பற்றி எரிந்தது. மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் எரிந்தது. எழுதினாள்: "தோழியின் கல்லறையிலிருந்து நேராகக் கல்யாண வீட்டுக்குப் போகிற ஆல்பம் இது. அவள் சாவை வாசலில் டிக்கெட்டாகக் காட்டிவிட்டு உள்ளே போய் ஆடுகிறார்கள். இதைவிட இதயமில்லாத வரிசையை நான் கேட்டதில்லை." ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அச்சில் வந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை, நவம்பர் நிகழ்ச்சியை கேவன் ரத்து செய்துவிட்டதாகச் செய்தி வந்தது.

புதன்கிழமை நார்த்கோட்டில் ரால்ஃபின் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தாள். ரால்ஃப் வாய் சும்மா இருக்கிற ஆளில்லை.

"வழி விடுங்கப்பா, ஒன்றரை நட்சத்திரம் வருது! கேவன் டியர்னிய ஒரே போடா போட்டுட்டு எப்படி நடந்து வருது பாரு."

"வாயை மூடிட்டு வேலையப் பாரு" என்றவள், கடையில் ஓடுகிற பாட்டைக் கேட்டு நின்றாள். "என்ன ரால்ஃப், நடுவுலேர்ந்து போட்டிருக்க?"

"நடுவாவது ஓரமாவது. இப்பத்தான் உறையப் பிரிச்சேன். முதல் பக்கம், முதல் பாட்டு."

"இது ஆறாவது பாட்டு."

"நீ எழுதறவ, நான் விக்கறவன். எனக்கு அட்டையில போட்டிருக்கறதுதான் தெரியும். நீயே பாரு."

அட்டையைத் திருப்பினாள். ஒன்பது பெயர்கள். அவள் முதலில் கேட்ட உறுமல் பாட்டு, 'ஆல்டோனா', கடைசியில் இருந்தது.

வந்த பாட்டுகளில் எண் போட்டிருக்கவில்லை. அவள் பிளேயர் அவற்றைத் தானாக அகர வரிசையில் அடுக்கிக்கொண்டுவிட்டது. நாள் முழுக்க அட்டைகளை அதே வரிசையில் அடுக்குகிறவள் கண்ணில் அது படவில்லை. பெயர்தான் பார்க்க மாட்டாளே! மூன்றாவது தடவை பார்த்ததும் எழுத்துப்பிழை வராமல் இருக்கத்தான். பட்டியலை யாராவது அப்போதே காட்டியிருந்தால் அந்தக் கட்டுரையே இல்லை. அச்சில் வந்த மறுநாளாவது பிழையைப் பிடித்துச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள், அவளும் போய்விட்டாள்.

நாற்பது நிமிஷம் கடையிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். எட்டுப் பாட்டு ஆடி முடித்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பது போல கடைசியில் அந்த உறுமல் வந்தது. ரால்ஃப் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

பத்திரிகையில் இணைப்பைப் பார்த்துக்கொள்கிற இமோஜனுக்குப் போன் செய்தாள்.

"அடடா. ஒண்ணும் பதறாதீங்க டெஸ்பினா. 'கடைசிப் பாட்டு, முதல் பாட்டு என்று தவறாகக் குறிப்பிடப்பட்டது'ன்னு ஒரு திருத்தம் போட்டுடலாம்."

"நட்சத்திரம்?"

"அது உங்க கருத்தாச்சே. கருத்துக்கெல்லாம் திருத்தம் போடறதில்லீங்க."

"அப்ப நான் புதுசா எழுதித் தர்றேன்."

"ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு விமர்சனமா? சிரிப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை எள் பிஸ்கட் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஆல்டோனாவிலேயே இருந்த கேவன் வீட்டுக்கு ரயில் ஏறினாள். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனாள். எப்படியாவது மன்னிப்புக் கேட்டு, அவனை அந்த மேடையில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கேவன் கதவைத் திறந்தான். முடி மொத்தமும் நரைத்திருந்தது. "வா டெஸ். அரை நட்சத்திரமாவது கூடக் கொண்டு வந்தியா?" என்றான். அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிளேயர், அகர வரிசை, அட்டை, ரால்ஃப். அவள் முடித்ததும் பெரிய மூச்சு விட்டான்.

"அப்படியா சங்கதி. நான் என்னமோ அவதான் உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன்."

"யாரு? எதை?"

"நோலீன். ஆல்டோனாவ முதல்ல வைன்னு சொன்னது அவதான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கினா. 'அழறவங்க முதல்லயே அழுது முடிச்சிடட்டும். அப்புறம் எட்டுப் பாட்டுக்கும் ஆடணும். கடைசியில என்னைப் போட்டு ஜனங்கள அழ வெச்சு அனுப்பிடாத, கேவன்'னா."

டெஸ்பினா உள்ளே வந்து, கையிலிருந்த பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நானும் சரின்னேன்" என்றான் கேவன். "ஸ்டூடியோவுல ரெண்டு மாசம் வெச்சு வெச்சுப் பார்த்தேன். அது முடிஞ்சு அடுத்தது வரும்போது எனக்குக் குமட்டும். கல்லறையிலேருந்து கல்யாண வீட்டுக்குன்னு எழுதினியே, அதேதான். அதான் கொண்டு போய்க் கடைசில வெச்சுட்டேன்."

இதயமில்லாத வரிசை என்று அவள் எழுதியது நோலீனின் வரிசை. அவளுடைய கடைசி ஆசை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டவள் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு அவள் மேலேயே போய் விழுந்திருக்கிறது அந்த வார்த்தை. டெஸ்பினாவுக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"நிகழ்ச்சிய ஏன் நிறுத்தின? என் நட்சத்திரத்துக்காகவா?"

"உன் நட்சத்திரம் என்ன, அதைவிடக் கம்மியெல்லாம் வாங்கியிருக்கோம். தட்டுலதான் அவளை ஏமாத்திட்டேன், மேடையிலயாவது அவ சொன்னபடி பாடிடலாம்னு மனசத் தேத்தி வெச்சிருந்தேன். நீ எழுதினத படிச்சேன். தைரியம் அத்தனையும் போயிடுச்சு."

"நான் எழுதினது தப்பு, கேவன்."

"நீ மூணு தடவ கேட்டுத்தானே எழுதின?"

"போடு. அவ சொன்ன வரிசையில போடு. இன்னொரு தடவ கேக்கறேன்" என்றாள்.

அவன் இசைத்தட்டின் இரண்டாவது பக்கத்தை மேலே வைத்து, கடைசிப் பாட்டின் மேல் ஊசியை இறக்கினான். உறுமல் வந்தது, நான்கு ஸ்வரம் வந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் ஆலை உறுமிக்கொண்டிருந்தது, எது எதுவென்று தெரியவில்லை. பாட்டு முடிந்தது. அடுத்ததைக் கேட்க வேண்டுமானால் தட்டைப் புரட்ட வேண்டும். கேவன் அசையவில்லை.

"நீ புரட்டேன்" என்றான்.

டெஸ்பினா எழுந்து தட்டைப் புரட்டிப் போட்டாள். திம் திம்மென்று ஆட்டம் ஆரம்பித்தது. நோலீன் இருந்தால் சப்பாத்துக் காலால் தரையை உதைத்திருப்பாள். டெஸ்பினா தன் காலைப் பார்த்தாள், உதைக்கத்தான் நினைத்தாள். கேவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். அவள் ஊசியைத் தூக்கினாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் டெஸ்பினா பாதியில் நிறுத்திய ஒரே ஆல்பம் அது.