இரண்டு பேருக்கு ஒரு கண்ணாடி

குவைத்தில் குளியலறைக்குப் போகிறவர்கள் குளிப்பதற்கு மட்டும் போவதில்லை என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. போன வாரம் ஒரு வீட்டில், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இடப்பக்கம் நான்கு பல்பு, வலப்பக்கம் நான்கு பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, இடது கன்னம் இருட்டாகத் தெரிகிறது என்றார். மேலே போய்ப் பார்த்தேன். கன்னம் கன்னமாகத்தான் இருந்தது. ஆனாலும் பல்பை மாற்றினேன், அதற்குத்தானே சம்பளம். ஊரிலிருந்து என்ன வேலை என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு, கட்டடக் கம்பெனியில் வேலை என்றுதான் பதில் போடுகிறேன். ஆளுயர மனுஷனின் கன்னத்துக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று எழுதினால் ஜவ்வாது மலையில் எனக்குப் பெண் கொடுத்த மாமனார் என்ன ஆவார்?

எங்கள் வீட்டில் குளிக்கிற இடம் என்றால் கொல்லையில் ஒரு பலகைக்கல், மூன்று பக்கம் மூங்கில் தட்டி, நான்காவது பக்கம் புளியமரம். முகம் பார்க்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி உண்டு. தலை சீவ வேண்டுமானால் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவோம். மலையில் கண்ணாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோவோம். இங்கே வெளிச்சத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். மற்றதெல்லாம் மணலும் வெயிலும்.

என் மனைவி பச்சையம்மா பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தபோது கடிதம் எழுதினாள். காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது, மழை நாளில் தட்டிக்குள் நின்று குளிக்க முடியவில்லை, செங்கல் சுவர் வைத்துக்கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். எங்கள் ஊருக்கு மின்கம்பம் வந்து அப்போது ஒரு வருடம்தான். அவள் கேட்டது சுவர். எனக்குத்தான் ஆசை முற்றிவிட்டது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பல்பு வைத்த கண்ணாடி மாட்டுகிறவன் பெண்டாட்டிக்கு ஒன்று மாட்ட மாட்டேனா? அவள் பொட்டு வைக்கிறபோது பின்னால் நின்று நான் சவரம் செய்ய வேண்டும், ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிய வேண்டும். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் என் ஆசை.

எங்கள் போர்மேன் அபு யூசுப், பாலஸ்தீனக்காரர். அவரும் தன் ஊரை விட்டு வந்தவர்தான். இந்தியும் அரபியும் கலந்த ஒரு பாஷையில் பேசுவோம். பாதி அவருக்குப் புரியாது, பாதி எனக்குப் புரியாது. கம்பெனியின் கிடங்கில் இரண்டு கண்ணாடிகளைக் காட்டினார். ஒன்று ஆள் நீளம். இன்னொன்று ஒன்றரைச் சாண் சதுரம், இரண்டு பக்கமும் நான்கு நான்கு உருண்டை பல்புகள். விளக்கை உச்சியில் மாட்டாதே, கண்ணுக்குக் கீழே நிழல் விழும், பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று எனக்கே தொழில் சொல்லிக்கொடுத்தார்.

"யார் பார்ப்பதற்கு?" என்று கேட்டார்.

"நானும் மனைவியும்."

"இரண்டு பேர் கண் உயரத்துக்கும் வித்தியாசம் ஒரு சாணுக்குள் என்றால் சதுரம் போதும். அதற்கு மேல் போனால் நீளம்தான். அவள் எவ்வளவு உயரம்?"

கையைத் தோளில் வைத்தேன். நெஞ்சுக்கு இறக்கினேன். சந்தேகம் வந்து மறுபடி கொஞ்சம் ஏற்றினேன்.

"மூன்று பிள்ளைகளா? மாஷா அல்லா!" என்று, என் கை நின்ற மூன்று இடத்தையும் எண்ணிவிட்டு முதுகில் தட்டினார் அபு யூசுப்.

எங்களுக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை. சிரித்துவைத்தேன்.

எனக்கு அவள் உயரம் தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம். தாலி கட்டும்போது உட்கார்ந்திருந்தாள். போளூருக்குப் போனால் பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்காருவாள். தெருவில் எனக்குப் பின்னால் வருவாள். லீவில் போன இரண்டு தடவையும் வீடு நிறைய விருந்தாளிகள். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்களோ, எழுந்து நின்று, பெண்டாட்டியின் கண் உங்கள் உடம்பில் எந்த இடத்துக்கு வரும் என்று கையை வைத்துப் பாருங்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

நீளக் கண்ணாடி மலை பஸ்ஸில் ஏறாது. ஆம்பூர் பாய் ஒருவர் அந்த வாரமே லீவில் கிளம்பினார். ஒரு சாண்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சதுரத்தைக் கம்பளியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டேன். உயரத்தைக் கேட்டுக் கடிதமும் போட்டேன்.

பதில் வந்தது. உறைக்குள் மடித்த நூல் ஒன்று.

"மாமா, உன் ஒசரம் இன்னான்னு கேட்டு எழுதியிருக்கீங்க. படிச்சிட்டு சிரிச்சேன், அப்பறம் அழுதேன். நூலக் காலால மிதிச்சிக்கினு கண்ணு வரைக்கும் இழுத்து அறுத்து வெச்சிருக்கேன். பாய் கண்ணாடியக் குடுத்துட்டுப் போனாரு. பல்பெல்லாம் பாத்துட்டு, செவுரு கட்ற மேஸ்திரி இது சாமி படத்துக்குன்னு நெனச்சி செருப்பக் கழட்டிட்டாரு. குளிக்கிற ரூமுக்குன்னு சொன்னேன். மறுபடி செருப்ப மாட்டிக்கினு, கண்ணாடிய எங்க வெக்கணும்னு கேக்கறாரு."

கேம்பில் மற்றவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டில் ஓரமாக நின்று நூலின் ஒரு முனையை மிதித்து மறுமுனையை மேலே இழுத்தேன். நெஞ்சுக்கு வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து என் கண்ணுக்கு ஒரு சாணுக்கு மேலே நாலு விரல் கூடுதல். இவ்வளவு சின்னவளா! வெட்கமாக இருந்தது. இன்னொரு தடவை மிதித்து இழுத்துப் பார்த்தேன். என்னடா, சட்டைக்கு அளவா என்று பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான். ஆமாம் என்றேன்.

தொழில்காரன் சும்மா இருப்பானா? கணக்குப் போட்டேன். கண்ணாடியை இரண்டு பேர் கண்ணுக்கும் சரிநடுவில் மாட்டினால், அவள் கொஞ்சம் எக்கி, நான் கொஞ்சம் குனிந்து, சமாளித்துவிடலாம். படம் போட்டு, அம்புக்குறி வைத்து மேஸ்திரிக்கு எழுதி அனுப்பினேன்.

அடுத்த லீவில் போய் இறங்கினேன். செங்கல் சுவர், சிமெண்ட் தரை, அதே பலகைக்கல். பெருமையோடு ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் குறைவு, எட்டு பல்பும் சிவந்துபோய் எரிந்தன. கண்ணாடியில் என் கழுத்தும் நெஞ்சும் தெரிந்தன. தலை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புச் சுவர்.

"இன்னா இது? நடுவுல மாட்டச் சொல்லி படமே போட்டு அனுப்பினேனே?" என்று கத்தினேன்.

"மேஸ்திரி நடுவுலதான் மாட்டினாரு. நான்தான் எறக்கச் சொன்னேன்."

"ஏன்?"

பச்சையம்மா என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நடுவுல வெச்சா நான் தெனம் எக்கணும், மாமா. நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்றீங்க, ரெண்டு மாசம் குனிஞ்சா இன்னா?"

கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு இருந்தால் சொல்லியிருப்பேன். சாப்பிட்டேன்.

இரண்டு மாதமும் குனிந்துதான் சவரம் செய்தேன். கிளம்புகிற அன்று காலை கன்னத்தில் சோப்பு நுரையோடு குனிந்து நின்றபோது, பால்வாடிக்குப் புறப்பட்டவள் உள்ளே வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பொட்டு வைத்தாள். கண்ணாடியில் இரண்டு முகமும் இருந்தன. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் விரலை எடுக்கவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாவுது, மாமா," என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன். கண்ணாடியில் அவள் முகமும், பக்கத்தில் என் சட்டைப் பொத்தான் இரண்டும் தெரிந்தன.