கல்பாலம் வரைக்கும் ஒரு சம்பந்தம்

மலைக்காரன் என்றால் ஆடு மாதிரி ஏறி இறங்குவான் என்று கீழே இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நானும் மலைக்காரன்தான். ஆனால் இருபது வருஷமாகக் கேரட் மூட்டை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். கொத்தமல்லித் தழை வாங்கக்கூட ஜீப்பில்தான் போவேன். என் கால்களுக்குத் தெரிந்த ஒரே வேலை பிரேக் மிதிப்பது.

என் மகளைப் பார்த்துப் பிடித்துப்போன கோயமுத்தூர்க்காரர்கள், பேசி முடிக்க மாப்பிள்ளையின் அப்பாவை நீலகிரியில் எங்கள் ஊரான எமரால்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மகள் நர்ஸ். காலையில் ட்யூட்டிக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன், நைட் ட்யூட்டியும் பார்ப்பேன். அதுக்கு ஒத்துக்கறாங்களான்னு கேளுங்கப்பா. இல்லீன்னா சம்மதம்னு சொல்லீராதீங்க."

வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, ஆத்தோரமா நடைபாதை போட்டிருக்காங்களாமே. நடந்துட்டே பேசலாமுங்களா?" என்றார்.

"கல்பாலம் வரைக்கும் இருபது நிமிஷந்தானுங்க" என்றேன்.

என் வாயில் எந்தத் தூரமும் ஜீப் கணக்கில்தான் வரும் என்பது முக்கால் மணி நேரம் நடந்த பிறகுதான் உறைத்தது. பாலத்தைக் காணவே இல்லை.

மனிதர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி நடந்தார். எனக்குக் கை கொடுத்தது சரித்திரம்தான். வழியில் வெள்ளைக்காரத் துரைகளின் கல்லறைத் தோட்டம் வந்தது. ஒரு கல் விடாமல் நின்று படித்தேன். எழுத்து அழிந்துபோன கல்லைக்கூடப் படித்தேன்.

"சரித்திரம்னா அவ்வளவு ஆசைங்களா?"

"உயிருங்க" என்றேன். உண்மையும் அதுதான், நின்றதால்தான் உயிர் இருந்தது. படுத்திருக்கும் துரைகளைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கூரை போன பழைய டீ ஃபேக்டரி பக்கத்தில் பேச்சை எடுத்தேன். "பொண்ணு வந்து..." அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"பொண்ணு வந்து?"

"வந்து... நல்லா சமைக்குமுங்க."

அவள் அடுப்புப் பக்கம் போனதே கிடையாது. மூச்சு வாங்கும்போது இப்படிச் சின்னப் பொய்தான் வருகிறது. பெரிய கேள்வி வருவதில்லை.

கடைசியில் கல்பாலம் வந்தது. கைப்பிடிச் சுவரில் மூட்டையை இறக்குகிற மாதிரி என்னை இறக்கி வைத்தேன். இப்போது விட்டால் மகள் முகத்தில் முழிக்க முடியாது. கேட்டுவிட்டேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலைக்குப் போகட்டுமுங்க. நைட் ட்யூட்டின்னாத்தான் யோசிக்கோணும். ஊட்ல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

மற்ற நாளாக இருந்தால், "அதுக்கென்னங்க, மெதுவாப் பேசிக்கலாம்" என்று குழைந்திருப்பேன். குழைவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

"அப்ப வேண்டாமுங்க. இத்தோட விட்டுறலாம்."

அவர் திகைத்துப்போனார். அவரைவிட நான் திகைத்துப்போனேன். மூன்று வருஷம் தேடி அமைந்த இடம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது.

"புது ஷூங்க. கல்லறைகிட்டயே கடிக்க ஆரம்பிச்சுருச்சு. நீங்க மலைக்காரரு, பின்னால தங்குனா கேவலமாப் போயிருமேன்னுதான் வேகவேகமா வந்தேன்."

"நான் எதுக்குங்க அத்தனை கல்லறை படிச்சேன்னு நெனச்சீங்க?"

சிரிக்கப் பார்த்தார், சிரிக்கவும் வலித்தது போல. குதிகாலைப் பிடித்துக்கொண்டே, "பொண்ணுக்குப் போனப் போடுங்க, நானே கேக்கறேன்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும் கேட்டது. "மாசத்துல எத்தனை நாளு கண்ணு?... ஓ... இல்ல கண்ணு, அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்... அவ கோவிச்சா என்னையத்தான் கோவிப்பா, எனக்குப் பழக்கந்தான்... சரி கண்ணு... சரி கண்ணு."

போன் என் கைக்கு வந்தது. "சம்மதம்னு சொல்லீருங்கப்பா" என்றாள் மகள். "ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

சொன்னால் திட்டுவாள். வைத்துவிட்டேன்.

"சம்பந்தி" என்றார் அவர், முதல் தடவையாக. "தப்பா நெனைக்கலைன்னா, நான் கொஞ்சம் படுத்துக்கட்டுங்களா?"

பாலத்தின் அந்தச் சுவரில் அவர் படுத்தார். இந்தச் சுவரில் நான் படுத்தேன். தேதி குறிப்பதை எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். அவசரமே இல்லை என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.