கிள்ளான்காரருக்குக் குறைத்த மருந்து

என் உடம்பில் இருக்கும் சிறுநீரகம், முன்பின் தெரியாத ஒருவர் இறந்தபின் கிடைத்தது. கிள்ளான் ஊரிலிருந்து என்னைப் போலவே சிகிச்சைக்கு வரும் கிள்ளான்காரருக்கு அவர் மனைவியே தன்னுடையதைக் கொடுத்தார். என் பொறாமை அங்கே தொடங்கியது, மறைத்துப் பயனில்லை.

இருவருக்கும் கோலாலம்பூரில் ஒரே மருத்துவமனை, ஒரே மாத்திரை. புதிய உறுப்பை உடம்பு தாக்காமல் அது பார்த்துக்கொள்கிறது. ஆனால் இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்களை மெல்ல மெல்லக் கெடுக்கும். தளர வேண்டிய குழாய் இறுகும், இரத்த அழுத்தம் ஏறும். மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் சொல்லுமுன்பே இதையெல்லாம் படித்துவிட்டேன். படித்ததால் என் அழுத்தம் இறங்கிவிடவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நான் உப்பைக் குறைத்து, தினமும் நடந்து, அழுத்தத்தோடு மல்லுக்கட்டினேன். லோரி ஓட்டி ஓய்ந்த கிள்ளான்காரர் கருவாட்டுக் குழம்பும் கையுமாக இருந்தார். அவர் அழுத்தமோ சீராக இருந்தது.

ஒருநாள் அவர் மருத்துவரின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார், பின்னால் மனைவி.

"அண்ணே, மருந்தக் கொறச்சிட்டாங்க! ரத்தத்துல ரொம்ப ஏறியிருக்காம். உங்களுக்கு இன்னும் பழைய டோஸ்தானா?"

"பழையதுதான்" என்றேன். நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சலுகை அது.

"இவரு தனியா வந்தா எதையாச்சும் மறந்துருவாரு, அண்ணே. அதான் போன வாரம் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க நானும் கூட வந்தேன். கொமுட்டர் ரயில்லயே நேரம் தவறாம மாத்திரையப் போட வெச்சிட்டேன்" என்றார் மனைவி பெருமையாக.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. ஏன்ணே?"

பரிசோதனை நாளன்று மட்டும் இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். முன்பே விழுங்கினால் சற்றுமுன் ஏறிய மருந்தும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் குழாய்கள் பிழைக்கலாம். அந்த அம்மா கொடுத்த சிறுநீரகம் போய்விடலாம். இதற்கா பொறாமைப்பட்டோம் என்றிருந்தது.

வரிசை எண் இல்லாமல் மருத்துவரை மறுபடி பார்க்க முடியாது என்பார்கள். முடியும். மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போகுமுன் தாதியிடம் சொல்லி நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தினேன். மருத்துவர் பழைய அளவையே தொடரச் சொல்லி, மறுபரிசோதனைக்கு எழுதினார்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "என் கையாலயே கெடுத்திருப்பேனே!"

"விடு லா. உன் கிட்னி, நீ கெடுத்தா நான் என்ன கேஸா போடப் போறேன்?" என்றார் கணவர்.

அவர் தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். நான் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுபரிசோதனைக் காலையில் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, மாத்திரை பையிலதான் இருக்கு. தொடவே இல்ல. தோசை மட்டும் கேக்குறாரு. சுட்டுக் குடுக்கலாமா?"

பின்னால் கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. எனக்கு நன்றாகவே தெரியும்.

"ரத்தம் எடுத்தப்புறம் சாப்பிடட்டும்மா" என்றேன்.