வாளுக்குக் கட்டும் பரிவட்டம்

காலை 8.20. சென்ட்ரலிலிருந்து எண்ணூருக்கு டிக்கெட் ஐந்தே ரூபாய். தெற்கே எங்கள் ஊரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்த களைப்போடு பெண்கள் பெட்டியில் ஏறினேன். பையில் அரண்மனைக் கடிதம். அதில் அக்காவின் கையெழுத்தை வாங்கத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

ஊர்த் தேரோட்டத்தில் முதல் மரியாதை எங்கள் ஜமீன் குடும்பத்துக்கு. மூத்த ஆணின் தலையில் பரிவட்டம் என்று பட்டுத்துணி கட்டுவார்கள். ஆண் இல்லையென்றால் பழைய வாளைப் பல்லக்கில் வைத்து அதற்குக் கட்டுவார்கள். பெண்ணுக்கு மட்டும் கிடையாது. போன வருஷம் அண்ணன் தவறிவிட்டான். மிச்சம் அக்காவும் நானும்தான். வாளுக்கே கட்டட்டும் என்று மூத்தவள் எழுதித் தர வேண்டுமாம்.

9.15. எண்ணூர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, மறுபக்கம் இறாலைக் கூறுகட்டி விற்கும் பெண்கள்.

"ஜமீனக்கா வூடா?" என்றார் முகவரியைக் கேட்ட ஓட்டுநர். "தண்ணி லாரி வரலன்னா அதுதான் முன்னாடி நின்னு பேசும்."

வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "வந்துகினு கீறேன்னு ஒரு போன் பண்ணக்கூடாதா? நண்டு வாங்கியிருப்பேன்ல." அந்தப்புர வாசலைத் தாண்டினாலே வசவு வாங்கியவளின் இந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னா கொயந்தே, கத்திக்குத் தலை ஏது? எங்க கட்டுவாங்கோ?"

"பிடியில, அத்தான்."

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அதுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்க அப்பா என்கிட்டதான் குடுப்பாரு. அதுக்கு மட்டும் நான் வேணும்." கடிதத்தை மடித்து என் பையிலேயே வைத்தாள். "அந்தக் கத்தி பல்லக்குல போவும். நான் நடந்தே வரேன். எனக்குக் கட்டச் சொல்லு."

"ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"நீ ஒத்துக்கினியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து அக்கா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மாலை 4.05. திரும்பும் ரயில். அரண்மனையில் பெண்களுக்குத் தனி வாசல், கொல்லைப்பக்கம். அக்கா வீட்டுக்கு ஒரே வாசல், எல்லோருக்கும் அதுதான். திருவொற்றியூர் தாண்டும்போது எங்கள் காரியஸ்தர் போன் செய்தார்.

"கையெழுத்து ஆச்சா, தாயி?"

"இல்ல. அக்கா வர்றா. பரிவட்டம் அவளுக்குத்தான். நானும் பக்கத்துல நிப்பேன்."

 அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப வாள்?"

"நீங்களே துடைச்சு உறையில வச்சிருங்க, ஐயா."